ரோட்டைப் பார்த்து நின்ற வண்டி

நாற்பத்தோரு நாளாக முருகவேலின் பிக்கப் வண்டி, கீழ்பென்னாத்தூரில் அவன் வீட்டு வாசலில் மூக்கு ரோட்டைப் பார்க்க நின்றது. டீசல் ஃபுல். பின்னால் ஒரு காலிச் சாக்குகூடக் கிடையாது. தார்ப்பாயும் கயிறும் சீட்டுக்குப் பின்னால் மடித்தது மடித்தபடி இருந்தன. எல்லாம் அருள்ராஜ் சார் சொன்ன முறை.

அருள்ராஜுக்கு ராணிப்பேட்டையில் லாரி ஆபீஸ். திருவாரூர்ப் பக்கம் எண்ணெய்க் கிணறு தோண்டுகிற இடங்களுக்கு அவசர லோடு அனுப்புவதுதான் தொழில். அங்கே ஒரு வால்வு போனால் மொத்த வேலையும் நின்றுவிடும். பெரிய லாரி நிறையும்வரை யாரும் காத்திருக்க மாட்டார்கள். ஒரே ஒரு சாமானை ஏற்றிக்கொண்டு பிக்கப் பறக்க வேண்டும். ராணிப்பேட்டை வண்டி வேங்கிக்கால்வரை கொண்டுவரும், அங்கே வண்டி மாற்றி மிச்ச தூரம் முருகவேல் போவது என்று பேச்சு.

"ஃபோன் பண்ணா முக்கா மணியில வேங்கிக்கால்ல நிக்கணும் முருகவேலு. மொத லோடை ஒழுங்கா சேத்துட்டா நீ நம்ம ஆளு. வரலைன்னா நம்பரை அழிச்சிடுவேன். கெணத்துக்காரன் என்கிட்ட கதை கேக்க மாட்டான், நானும் உன்கிட்ட கேக்க மாட்டேன்."

அதை நம்பித்தான் பத்தொன்பது வருஷம் ஓட்டிய ஸ்கூல் வேனை விட்டான். கல்யாணம், சாவு என்று எதற்கும் ஊரைத் தாண்டவில்லை. குளிக்கும்போதுகூட ஃபோன் ஜன்னலில் இருக்கும். டீக்கடையில், "இன்னாப்பா, வண்டிக்கு வாட்ச்மேன் வேலையா?" என்று கேட்டதிலிருந்து டீக்கடைக்கும் போவதில்லை.

நாற்பத்திரண்டாம் நாள் பௌர்ணமி. மத்தியானம் மச்சான் மாறன் வந்தான்.

"மாமா, கிரிவலம் போவணும். நாங்க பன்னெண்டு பேரு. பஸ்ஸுல கால் வைக்க முடியல. வண்டியை எடுங்க."

"லோடு வந்துச்சுன்னா இன்னாடா பண்றது?"

"சும்மா நிக்கிற வண்டிதான மாமா?"

முருகவேலுக்குச் சுருக்கென்றது. ஆனால் வண்டிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் மாறன். மனைவி ஆதிலட்சுமியைப் பார்த்தான்.

"நாப்பத்தோரு நாளா அடிக்காத ஃபோனு இன்னைக்குத்தான் அடிக்கப் போவுதா? போய்ட்டு வாங்க. சாமி காரியம்," என்றாள் அவள்.

அவனும் ஒரு கணக்குப் போட்டான். திருவண்ணாமலையில் நின்றால் வேங்கிக்கால் இன்னும் கிட்டம். ஃபோன் வந்தால் இவர்களை விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். தனக்குத்தானே சொல்லிக்கொண்டபோது அது நல்ல யோசனையாகவே இருந்தது.

லோடுக்கு வாங்கிய தார்ப்பாய்க்குள் பன்னிரண்டு பேரும் குனிந்து உட்கார்ந்து வந்தார்கள். திருவண்ணாமலைக்கு வெளியே, அறுத்துப் போட்ட கழனியில் தற்காலிக பார்க்கிங். முருகவேல் ஓரமாக, மூக்கு ரோட்டைப் பார்க்க நிறுத்தினான். போலீஸ்காரர் பானெட்டைத் தட்டினார்.

"இங்க இன்னா? உள்ள போ, உள்ள போ!"

"அவசரமா கெளம்ப வேண்டி வரும் சார்..."

"எல்லாருக்கும் அவசரம்தான். உள்ள போய்யா."

உள்ளே போனான். மாறன் கூட்டம் "அரோகரா" சொல்லி இறங்கிப் போனது. அவன் சீட்டிலேயே இருந்தான். கால் மணி நேரத்தில் முன்னால் ஒரு வரிசை, பின்னால் இரண்டு வரிசை. மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு வண்டிகள்.

ஐந்தே முக்காலுக்கு ஃபோன் அடித்தது.

"முருகவேலு, பம்பு சாமான் ஒண்ணு ஏத்தியாச்சு. வண்டி போளூர் தாண்டிடுச்சு. வேங்கிக்கால் வந்து நில்லு. கெணறு காலையிலேர்ந்து நிக்குது."

"வந்துட்டேன் சார்," என்றான். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

முன்னால் நின்றது ஆந்திரா வேன். கண்ணாடியைத் தட்டிப் பார்த்தான். உள்ளே யாருமில்லை, ஒரு ஜோடி செருப்பு மட்டும் கிடந்தது. பூக்காரர் ஒருவர், இன்னும் மூன்று பேர் என்று கூப்பிட்டு வேனைத் தள்ளினான். அது அலாரம் போட்டு ஊரைக் கூட்டியதே தவிர அசையவில்லை. போலீஸ்காரர் ஓடிவந்தார்.

"அடுத்தவன் வண்டியில இன்னாய்யா கைய வைக்கிற?"

"இந்த வேன்காரரைக் கொஞ்சம் மைக்ல கூப்பிடுங்க சார், பொழைப்பு போவுது..."

"கூப்பிட்டா? பதினாலு கிலோமீட்டரு. பாதிச் சுத்துல இருப்பாரு. வந்தா எடுப்பாரு."

முருகவேல் வண்டியைப் பூட்டிவிட்டு ஓடினான். கூட்டம் எதிரே வந்தது, குறுக்கே வந்தது. நடுவில் ஒரு ஸ்கூட்டர்காரன் கொஞ்ச தூரம் ஏற்றிக்கொண்டான். வேங்கிக்கால் போய்ச் சேரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அங்கே அவன் நிற்க வேண்டிய இடத்தில் வேறொரு பிக்கப் நின்றது. யாரோ சின்ன வயசுக்காரர், அருள்ராஜ் அவசரத்துக்குப் பிடித்த ஆள்போல, புதுக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். சாமான் ஒரு ஆள் உயரம்கூட இல்லை.

ஃபோன் அடித்தது, அருள்ராஜ். கத்தவில்லை.

"வண்டி எங்க?"

"பார்க்கிங்ல மாட்டிகினு இருக்குது சார். சொந்தக்காரங்க கிரிவலம்னு..."

"நல்லது. சாமி கும்புடு."

அவ்வளவுதான். இரண்டு நிமிஷம் கழித்து முருகவேல் கூப்பிட்டுப் பார்த்தான். எடுக்கவில்லை. பிக்கப் இண்டிகேட்டர் போட்டுத் திரும்பிப் போனது.

பார்க்கிங்குக்கு நடந்தே வந்தான். ரொம்ப நேரம் கழித்து மாறன் கூட்டம் வந்தது. கால் வலி, சிரிப்பு, நெற்றியெல்லாம் விபூதி.

"சூப்பர் தரிசனம் மாமா. ஒவ்வொரு லிங்கத்துக்கிட்டயும் உங்களுக்கு லோடு வரணும்னுதான் வேண்டிக்கிட்டோம்." அவன் நெற்றியில் மாறன் விபூதி பூசினான். முருகவேல் துடைக்கவில்லை. முன்னால் நின்ற ஆந்திரா வேன் அப்போதுதான் கிளம்பியது.

"அடுத்த பௌர்ணமிக்கும் நம்ம வண்டிதான மாமா?"

முருகவேல் பின்கதவின் கொக்கியை எடுத்துவிட்டான்.

"எத்தினி பேருன்னு முன்னாடியே சொல்லிடு," என்றான். "ஏறு."