பட்டர் என்று எல்லோரும் அழைத்தவள்

பார்படோஸில் பகல் பன்னிரண்டரை ஆகிவிட்டால் யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். வானொலியில் மரண அறிவிப்பு வரும் நேரம் அது. சட்டியில் மீன் கருகினாலும் கருகட்டும் என்று கரண்டியும் கையுமாக நின்று கேட்பார்கள். இருபத்தெட்டு வருஷமாக அதை வாசிக்கிறவள் மார்வா. இன்றைக்கு அவள் கையிலிருந்த தாளில் அவளைப் பெற்றவளின் பெயர்.

எழுதியதும் அவள்தான். ஐயாந்தி யேர்வுட், வயது எண்பத்தொன்று. காலையில் அண்ணன் டார்ன்லிக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினாள்.

"யாரும்மா இந்த ஐயாந்தி?" என்றான் அவன்.

"விளையாடாதே, டார்ன்லி."

"நம்ம ஊர்ல அந்தப் பேரு எவனுக்குத் தெரியும்? பட்டர்னு போடு. பட்டர் போயிட்டாளாம்னு கேட்டாத்தான் சந்தையில அம்மாகூட மீன் வித்தவங்க வருவாங்க. இல்லேன்னா பெட்டிய நீயும் நானும்தான் தூக்கணும். எனக்கு இடுப்பு வேற சரியில்ல."

பட்டர் என்றால் வெண்ணெய், ஊர் அம்மாவுக்கு வைத்த பெயர். ஊர் வைத்த பெயரைச் சொல்லாமல் அங்கே யாரையும் அடக்கம் செய்வதில்லை. மார்வா மறந்து விடவில்லை. அவளால் அதைச் சொல்ல முடியாது, அதுதான் விஷயம்.

ஊர் வாயில் அந்தப் பெயரின் நடுவிலுள்ள டகரம் வெளியே வராது. தொண்டையை ஒரு நொடி அடைத்துத் திறப்பார்கள், அவ்வளவுதான். கடைசி ரகரத்தையோ நாக்கைச் சுருட்டி இழுத்து, முழுசாகச் சொல்லித்தான் விடுவார்கள். பக்கத்துத் தீவுக்காரர்கள் இந்த இரண்டையும் வைத்தே ஆளைக் கண்டுபிடித்துச் சிரிப்பார்கள். மார்வா வேலைக்குச் சேர்ந்ததும் மேலாளர் கிளேர்மான்ட் அவற்றைத்தான் முதலில் அவள் வாயிலிருந்து கழற்றினார். டகரம் பளிச்சென்று விழ வேண்டும், ரகரம் காற்றில் கரைய வேண்டும். அந்தக் குரலில் சொன்னால் அம்மா 'பட்டா' ஆகிவிடுவாள். அப்படி ஒருத்தியை யாரும் கூப்பிட்டதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனாலும் அந்தக் குரல் கூடவே போகும். "ரேடியோவ அணைச்சிட்டு உள்ள வாடி," என்பாள் அம்மா.

இன்றைக்கு நிலையத்துக் கழிப்பறைக் கண்ணாடி முன் நின்று மார்வா பழைய மாதிரி சொல்லிப் பார்த்தாள். ஊரை நக்கல் செய்கிற மேடைக் கோமாளி போல இருந்தது. அவளுக்கே அசிங்கமாகிவிட்டது. ஆனாலும் தாளில் பேனாவால் அந்தப் பெயரைச் சேர்த்தாள்.

பன்னிரண்டரை. சிவப்பு விளக்கு எரிந்தது. நிலையத்துக் குரலில் ஆரம்பித்தாள். ஐயாந்தி யேர்வுட் என்றாள், எதுவும் ஆகவில்லை. அடுத்து அந்தப் பெயர். முதல் எழுத்து வெளியே வந்ததும் அழுகை ஏறி வந்து தொண்டையை அடைத்துக்கொண்டது. ஊர் வாயில் டகரம் அடைபடுகிற இடமும் அதுதான். அடைத்தது திறந்தபோது ரகரம் தானாகச் சுருண்டு, இழுத்துக்கொண்டு வெளியே வந்தது. அம்மா வந்துவிட்டாள். பிறகு டார்ன்லி பெயர், சித்திகள் பெயர், அடக்கம் நடக்கும் சபை, சனிக்கிழமை மூன்று மணி எல்லாமே அந்த ஊர்ப் பேச்சிலேயே வந்தன.

கிளேர்மான்ட் கதவைத் திறந்தார். "துக்கத்துல இருக்கீங்க, புரியுது. சாயங்காலத்துக்கு மறுபடி பதிவு பண்ணிடுங்க. இந்த தடவ சரியா வாசிங்க."

"சரியாத்தான் சார் வாசிச்சேன்."

"பேரு அப்படியே இருக்கட்டும். மத்தத நம்ம நிலையத்துக் குரல்ல..."

"அந்தப் பேரு பக்கத்துல நம்ம குரல் நிக்காது சார். வேற ஆள வச்சு வாசிச்சாலும் சரி, என்னை அனுப்பினாலும் சரி."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "உங்கம்மாவுக்கு மட்டும்தான்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலமும் அதே ஒலிப்பதிவுதான் போயிற்று. சனிக்கிழமை சபையில் உட்கார இடமில்லை. மீன்காரர்கள் செதில் ஒட்டிய கைகளைக் கழுவாமல்கூட வந்திருந்தார்கள். பெட்டி தோளுக்குத் தோள் மாறிப் போயிற்று. டார்ன்லி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சும்மா நடந்தான்.

சந்தையில் அம்மா பக்கத்தில் கடை போடுகிற ஓனிகா வந்து மார்வாவின் கையைப் பிடித்தாள். "ரேடியோல நம்ம பட்டரப் பத்தி ஒரு பொண்ணு வாசிச்சாளே, யார் வீட்டுப் பொண்ணுடி அது?"

"பட்டர் வீட்டுப் பொண்ணுதான்," என்றாள் மார்வா. டகரம் வெளியே வரவில்லை.