ஃபாரம் மாறிய வெள்ளிக்கிழமை

ரிட்டையர் ஆனவளை மறுபடி ஆபீசுக்குக் கூப்பிட்டால் இரண்டே காரணம்தான். பிரிவு உபசாரத்தில் போர்த்திய சால்வையைத் திருப்பிக் கேட்கப் போகிறார்கள். இல்லையென்றால், நான் செய்துவைத்த ஏதோ ஒன்று அங்கே புகைகிறது. போனில் அகிலாவின் குரலைக் கேட்டதுமே இது இரண்டாவது ரகம் என்று தெரிந்துவிட்டது. எனக்கு ஒரே குஷி. தோசையைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் சங்கம் ஒன்றில்தான் நான் வேலை பார்த்தேன். வலைத்தளம் வழியாகப் பட்டுப்புடவை ஆர்டர் வாங்கும் பிரிவு என்னுடையது. இப்போது அதை அகிலா பார்த்துக்கொள்கிறாள். உடல் நிறம், கரை நிறம், முந்தி நிறம், பெயர், விலாசம் என்று வாடிக்கையாளர் நிரப்பி அனுப்ப ஒரு ஃபாரம் உண்டு. அதன் கட்டங்களை நாங்கள் ஒவ்வொன்றாகக் கட்டவில்லை. அதற்கென்றே யாரோ புண்ணியவான்கள் எழுதி வைத்த லைப்ரரி என்ற ஆயத்தப் புரோகிராம் இருக்கிறது. நிறத்துக்கு ஒரு கட்டம், விலாசத்துக்கு ஒரு கட்டம் என்று சொல்லிவிட்டால் ஃபாரத்தை அதுவே செய்து கொடுத்துவிடும். அந்தப் புண்ணியவான்கள் இப்போது அதை அடியிலிருந்து புதிதாக எழுதிவிட்டார்கள். பழசில் இருந்த ஒரு வரிகூடப் புதுசில் கிடையாது. பழசு இந்த மாதத்தோடு சரி என்று சர்வர்காரர்களும் கைவிரித்துவிட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை தை முகூர்த்தத்துக்கான புக்கிங் ஆரம்பம், பாதி வழியில் ஃபாரத்தை மாற்ற முடியாது.

"இன்னிக்கி மதியத்துக்குள்ள புது ஃபாரம் ஓடலன்னா ஆன்லைன் வேலைய மெட்ராஸ் கம்பெனிக்குக் குடுத்துடுவேன், நீ கவுண்டர்ல புடவை மடின்னு மேனேஜர் சொல்லிட்டாருக்கா" என்றாள் அகிலா. கண் கலங்கியிருந்தது. "பழைய ஃபாரத்துல இருந்த எல்லாத்தையும் ஒண்ணு விடாம புதுசுக்கு மாத்திட்டேன். பாக்க நல்லாத்தான் இருக்குது. அனுப்புனா மட்டும் போவ மாட்டேங்குது. தப்புன்னு திட்டவும் மாட்டேங்குது. சும்மா உக்காந்துக்கினு இருக்குதுக்கா."

பழசு அப்படியெல்லாம் படுத்தாது. தங்கமான குணம் அதற்கு. ஒருத்தர் விலாசமே எழுதாமல் ஆர்டர் போட்டார், வாங்கிக்கொண்டது. இன்னொரு அம்மா நிறத்துக்கு நேராக, 'மாம்பழ மஞ்சள், ஆனால் மாம்பழம் ரொம்பப் பழுத்திருக்க வேண்டாம்' என்று எழுதினார். அதையும் வாங்கிக்கொண்டது.

அந்த ஃபாரத்தை ஏற்றிய நாட்களை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். எங்கள் கம்ப்யூட்டரை ஆன் செய்தால் தெருவில் பாதித் தறி நின்றுபோகும். அத்தனையும் கைத்தறி, கரண்டே கிடையாது, அதுவே நிற்கும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மோடம் போட்ட கூச்சலில் ஓரிக்கையில் ஒரு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு பாலாற்றைத் தாண்டிவிட்டதாகச் சொன்னார்கள். கோலாலம்பூரிலிருந்து முதல் ஆர்டர் வந்தபோது ஊரே திரண்டு வந்து மானிட்டரைப் பார்த்தது. அப்போது எங்கள் பிரிவுத் தலைவராக இருந்த முனிரத்தினம் சார் அதன் எதிரிலேயே தேங்காய் உடைத்தார். தேங்காய்த் தண்ணீர் கீபோர்டில் பாய்ந்து, அன்றோடு அதில் ஐந்தாறு எழுத்து காலி. மனுஷனுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் மொத்த எழுத்தும் போயிருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டார்.

"அக்கா, இத பாருங்க" என்று அகிலா திரையைக் காட்டினாள். "உடல் நிறத்துக்கும் மேல ஒரு கட்டம் ஒளிஞ்சிக்கினு இருக்குது. பேர் இல்ல, ஒண்ணும் இல்ல. உள்ள வெறும் 'உ'. இன்னான்னு தெரியாமலே அதையும் அப்படியே புதுசுக்குக் கொண்டாந்துட்டேன்."

நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"பிள்ளையார் சுழிம்மா அது! முனிரத்தினம் சார் வெக்கச் சொன்னது."

லீவ் லெட்டருக்குக்கூடச் சுழி போடுகிறவர் அவர். ஃபாரம் தயாராகி நான் காட்டியதும் மேலிருந்து கீழ்வரை தேடினார். "சுழி போடாம ஒரு காயிதம் இந்த ஆபீச வுட்டு வெளிய போயிருக்குதாம்மா? கம்ப்யூட்டருக்கு மட்டும் இன்னா தனிச் சட்டம்?" என்றார். வெளியே தெரிந்தால் வாடிக்கையாளர் குழம்புவார்களே என்று நான் அதைக் கண்ணுக்குத் தெரியாத கட்டமாக வைத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆர்டருக்கும் முன்னால் ஒரு சுழி, யாருக்கும் தெரியாமல் உலகம் சுற்றி வந்தது.

அகிலா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "இப்ப புரியுதுக்கா! புது லைப்ரரிக்குக் கட்டம்னா பேர் இருந்தே ஆவணும். இல்லன்னா ஆர்டரையே எடுக்காது. இன்னா தப்புன்னு அந்தந்தக் கட்டத்துக்குக் கீழதான் எழுதும். இங்க கட்டமே ஒளிஞ்சிருக்குது, அது திட்டுனதும் கூடவே ஒளிஞ்சிக்கிச்சு!"

"அப்ப அந்தக் கட்டத்த எடுத்துடு. தீர்ந்துது."

விரலை டிலீட் பொத்தான் வரைக்கும் கொண்டுபோனாள். அங்கேயே நின்றது விரல்.

"வெள்ளிக்கெழம அதுவுமா... நீங்க எடுத்துடுங்கக்கா."

"நான் ரிட்டையர் ஆனவ. ஆபீஸ் சொத்துல கை வெக்கக்கூடாது."

"அடேங்கப்பா, வந்ததுலேந்து என் டிராயர நோண்டிக்கினு இருக்கீங்க, அது ஆபீஸ் சொத்து இல்லியா?"

அந்த நேரம் பார்த்து மேனேஜர் வரதராஜன் உள்ளே வந்தார். கையில் போன், அதில் மெட்ராஸ் கம்பெனி நம்பர் தயாராக. பெருமாள் கோயில் பக்கத்துச் சின்ன காஞ்சிபுரத்துக்காரர்; எங்கள் பிள்ளையார்பாளையமோ சிவன் கோயில் பக்கத்துப் பெரிய காஞ்சிபுரம். நெற்றியில் நாமம் பளிச்சென்று இருந்தது. அதை நானும் அகிலாவும் ஒரே நேரத்தில் பார்த்தோம்.

"சார், ஒரே ஒரு கட்டம்தான் தடுக்குது. நீங்களே அழிச்சிடுங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆவாது" என்றாள் அகிலா, பாவம்போல.

உற்சாகமாகக் குனிந்தார். திரையில் 'உ' தெரிந்ததும் தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி கையை இழுத்துக்கொண்டார்.

"ஏம்மா, பெருமாள் கோயில் தெருக்காரன் வந்து பிள்ளையார அழிச்சிட்டான்னு பெரிய காஞ்சிபுரம் பூரா பேசறதுக்கா? மெட்ராஸ்காரங்களே வந்து அழிச்சிக்கட்டும்."

"அழிக்கச் சொன்னது யாருன்னு கேப்பாங்களே சார்" என்றேன் நான்.

மேனேஜர் போனைப் பைக்குள் போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

அகிலா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "பேர் இல்லன்னுதானே சண்டை போடுது? ஒரு பேர் வெச்சி வெளியவே உக்கார வெச்சிடலாம்."

"என்ன பேர் வெப்ப?" என்றேன்.

மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். "ஆரம்பம்னு போடும்மா. அதுல எந்தத் தெருவுக்கும் சண்டை வராது."

போட்டாள். அத்தனை வருஷமாக ஒளிந்திருந்த முனிரத்தினம் சாரின் சுழி, ஃபாரத்தின் உச்சியில் வந்து உட்கார்ந்தது. சோதனைக்கு ஓர் ஆர்டர் அனுப்பினாள். 'நன்றி, உங்கள் ஆர்டர் கிடைத்தது' என்றது திரை. அகிலா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது. நிஜமாகவே நெளிந்தது, இதில் மிகை இல்லை.

மதியத்துக்கு முன்பே புக்கிங் திறந்தாயிற்று. ஆர்டர்கள் கொட்டின. வெங்காயத்தோல் உடல், அரக்குக் கரை என்று முதல் ஆர்டர் வந்தது, மேலே 'உ' அப்படியே இருந்தது. பின்னாலேயே வந்தவர் 'உ'வை எடுத்துவிட்டு 'ஸ்ரீ' என்று போட்டிருந்தார். மேனேஜர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி அதை இரண்டு தரம் படித்தார்.

"கவுண்டருக்கு வேற ஆள் பாத்துக்கறேன். நீ இங்கியே இரும்மா" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

எல்லாம் அடங்கியதும் பழைய ஃபாரத்தை ஒருமுறை திறக்கச் சொன்னேன். சாம்பல் கட்டங்கள், கோணலாக நின்ற 'அனுப்புக' பொத்தான். அதை நேராக்க நானும் முனிரத்தினம் சாரும் பட்ட பாட்டுக்கு ஏகாம்பரநாதர் கோபுரத்தையே நகர்த்தியிருக்கலாம். அவர் இப்போது இல்லை. பொத்தான் கடைசிவரை கோணல்தான்.

"போதும்மா" என்றேன். "பழச அழிச்சிடு."

"வெள்ளிக்கெழம எதுக்குக்கா?" என்றாள் அகிலா. "திங்கக்கெழம பாத்துக்கலாம்."

சொல்லிக்கொண்டே அடுத்து வந்த ஆர்டரைத் திறந்தாள்.