துரைக்கு ஒரு கையெழுத்து

"துரையை விக்கப் போறாங்களாமே" என்று கேட்டுக்கொண்டே மெக்கானிக்கின் மனைவி சாப்பாட்டுத் தூக்கைப் பட்டறை மேசையில் வைத்தாள்.

துரை என்பது ஆள் இல்லை, டாக்டர் வீட்டுக் கார். இங்கிலாந்தில் செய்த பழைய வண்டி. அந்த ரகத்தில் மொத்தமே சில நூறுதான் வெளியே வந்தன என்பார்கள். நீள மூக்கு, அடங்காத பசி, மழை பெய்தால் வாசலைத் தாண்டாத குணம். அதனால் அந்தப் பெயர். முப்பது வருஷமாக அதைத் தொட்டது மெக்கானிக்கின் கை ஒன்றுதான். டாக்டர் போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். டாக்டரம்மா பெரிய வீட்டை விட்டு மகளோடு அடுக்குமாடிக்குப் போகிறார். அங்கே துரைக்கு நிழல் கிடையாது.

"தெரியும். நாளைக்குப் பத்து மணிக்குப் பாக்க வராங்க."

"அதுக்கு உங்க மூஞ்சி ஏன் தொங்குது? உங்களையா விக்கறாங்க?"

வாங்க வருபவர் அனுப்பியிருந்த ஒரு தாளை அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'இந்த வண்டியில் இருப்பது தொழிற்சாலையிலிருந்து வந்த அதே எஞ்சின். இதுவரை மாற்றப்படவில்லை.' கீழே, பராமரித்தவர் கையெழுத்துக்கு ஒரு கோடு.

படித்துவிட்டுப் பக்கத்தில் கிடந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அவரைத் தவிர விஷயம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் டாக்டர் மூன்று வாரம் வெளியூர் போயிருந்தார். ரேடியேட்டரைக் கழுவ மெக்கானிக் தண்ணீரை வடித்திருந்த நேரம், தன் மகளுக்குக் காய்ச்சல் என்று வீட்டிலிருந்து ஆள் வந்தது. போட்டது போட்டபடி ஓடினார். திரும்பி வந்தவர், தண்ணீர் ஊற்றியாயிற்று என்ற நினைப்பில் எஞ்சினை ஓட விட்டுவிட்டு, கதவுக் கீல்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். தீய்ந்த வாடை மூக்கில் ஏறியபோது காரியம் கெட்டிருந்தது. எஞ்சினின் அடிக்கட்டில், மெக்கானிக்குகள் பிளாக் என்பார்கள், விரல் நீளத்துக்கு விரிசல். பழைய வண்டிகளை உடைத்து விற்கும் இடத்தில், துரைக்குத் தம்பி மாதிரி, அதே ரக எஞ்சின் ஒன்று அகப்பட்டது. மாற்றினார். அதில் பொறித்திருந்த எண்ணைத் தேய்த்து அழித்துவிட்டுத் துரையின் எண்ணை அதில் அடித்தார். டாக்டர் வந்து ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "உன் கை பட்டா இவனுக்கு வயசே ஆகாதுய்யா" என்றார். சொல்லிவிட வாயெடுத்த நேரம் அது. பாராட்டு வந்து வாயை அடைத்துவிட்டது.

"இத்தனை வருஷம் வாயைத் திறக்கல" என்றாள் மனைவி. "இப்ப மட்டும் ஏன் நாக்கு அரிக்குது?"

"சும்மா இருந்தது வேற. மாத்தலைன்னு எழுதிக் கொடுக்கறது வேற."

"ஆமா, பெரிய வித்தியாசத்தைக் கண்டுட்டீங்க. வாங்கறவர் பிறந்த எஞ்சின் இருந்தாத்தான் வாங்குவாராம். இல்லைன்னா அடுத்துக் கேட்டிருக்காரே, கல்யாண ஊர்வலத்துக்கு வண்டி வாடகைக்கு விடறவர், அந்தக் கல்யாண வண்டிக்காரர்கிட்டதான் போகும். மாப்பிள்ளையும் பொண்ணும் நின்னுக்கிட்டுக் கை காட்டணும்னு கூரையை வெட்டுவார். சம்மதமா?"

"இல்லை."

"அப்ப போட்டுட்டு வந்து படுங்க."

மறுநாள் ஒன்பது மணிக்கே அவர் டாக்டரம்மா முன்னால் போய் நின்றார். பாதி சாமான்கள் பெட்டிக்குள் போயிருந்த கூடம் அது. நாற்காலியைக் காட்டினாலும் உட்காராமல் எல்லாவற்றையும் சொன்னார். டாக்டரம்மா கையிலிருந்த பழைய செய்தித்தாளில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டே கேட்டார். சுற்றி முடித்தும் கீழே வைக்கவில்லை.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"வந்தவங்க போனவங்க கிட்டயெல்லாம் சொல்லுவார். என் வண்டிக்கு இதயம் மாத்தினதில்லை, அப்படி ஒரு ஆள் எனக்குக் கிடைச்சிருக்கான்னு." கிண்ணத்தைப் பெட்டியில் வைத்தார். "தாளைக் கொண்டு வந்திருக்கீங்களா?"

"இருக்கும்மா. ஆனா..."

"கையெழுத்துப் போடுங்க."

"அம்மா?"

"எங்களுக்கு இத்தனை வருஷம் சொன்ன பொய்தானே. இன்னிக்கு ஒரு நாள் அவங்களுக்கும் சொல்லுங்க. அவரோட வண்டியை எவனும் ரம்பம் வெச்சு அறுக்கக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேணும்."

வாங்குபவர் அனுப்பிய பரிசோதகர் ஒரு பெண். முப்பத்தைந்து வயசிருக்கும். வந்ததும் பாயை விரித்துக் குப்புறப் படுத்து வண்டியின் அடியைப் பார்த்தாள். கதவை மூடும் சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மெக்கானிக்குக்கு அவளைப் பிடித்துப்போனது. அதுவே பயமாகவும் இருந்தது. கடைசியில் எஞ்சின் மூடியைத் தூக்கி, டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாகக் குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

"இந்த ரகத்துல பதினொண்ணு பாத்திருக்கேன் சார். எல்லாத்துலயும் எண்ணு கோணல்மாணலாத்தான் இருக்கும். ஒவ்வொரு எழுத்தா சுத்தியால அடிச்சிருப்பாங்க, ஒண்ணு ஏறும், ஒண்ணு இறங்கும். இது நூல் பிடிச்ச மாதிரி நிக்குது."

இரும்பு ஸ்கேலை வைத்து, ஒரு முழு மத்தியானம் செலவழித்து அடித்த எண் அது. கோணலாக அடிக்க அவர் கைக்கு வராது. அந்த நேரத்திலும் உள்ளே எங்கேயோ ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. அதை நினைத்து அவருக்கே கூசியது.

"அந்தக் காலத்து வேலை அப்படி" என்றார் டாக்டரம்மா.

"இருக்கலாம்மா. இவ்வளவு வருஷம் பாத்துக்கிட்டவர் எழுதிக் கொடுத்தா எனக்குப் போதும்." அந்தப் பெண் பேனாவை நீட்டினாள்.

மெக்கானிக் தாளைத் துரையின் மட்கார்டின் மேல் விரித்தார். பேனாவைக் கோட்டின் மேல் வைத்தார். டாக்டரம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையையே பார்த்தார்.

"நான் அடிச்சதுங்க" என்றார்.

அந்தப் பெண் டார்ச்சை அணைத்தாள்.

"பழைய பிளாக் இருக்கா சார்? விரிசல் விட்டதா இருந்தாலும் பரவாயில்லை. சரி பண்ணிக்கலாம். அது இருந்தா நான் அவர்கிட்ட பேசிப் பாக்கறேன்."

"இல்லைங்க. யார் கண்ணுலயும் படக் கூடாதுன்னு நானே உருக்கக் கொடுத்துட்டேன்."

"அப்ப ஒண்ணும் செய்யறதுக்கில்லை" என்று பாயைச் சுருட்டினாள். போகும்போது டாக்டரம்மாவிடம் என்ன சொல்வதென்று தெரியாமல், "வண்டியை ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க" என்றாள்.

அவள் வண்டி தெரு முனை திரும்பும் வரை டாக்டரம்மா வாசலிலேயே நின்றார். பிறகு திரும்பினார். குரல் உயரவில்லை.

"அவர் இருந்தப்ப ஒரு நாள் சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பார், ரெண்டு நாள் சாப்பிட்டிருக்க மாட்டார், அதோட போயிருக்கும். உண்மை பேச இத்தனை வருஷம் கெடு இருந்துச்சு உங்களுக்கு. என் தலையில இறக்கறதுக்குத்தான் எடுத்து வெச்சிருந்தீங்களா?"

"இல்லம்மா. கை வரல."

"அன்னிக்கு அடிக்க மட்டும் வந்துச்சு."

டாக்டரம்மா உள்ளே போய் போனை எடுத்து வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். அந்தப் பக்கம் கல்யாண வண்டிக்காரர் உற்சாகமாகப் பேசுவது மெக்கானிக்கின் காது வரை வந்தது.

"ஆமா, அவங்களுக்கு வேணாமாம். நீங்களே எடுத்துக்கலாம்... கூரையா? அது உங்க இஷ்டம். என்னை ஏன் கேக்கறீங்க?" கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போனை மெக்கானிக்கிடம் நீட்டினார். "எஞ்சின் நல்லா ஓடுமான்னு கேக்கறார். நான் சொன்னா நம்ப மாட்டாராம்."

கிரீஸ் படாத சுண்டுவிரல் பக்கமாக அவர் போனைப் பிடித்துக் காதில் வைத்தார்.

"ஓடும்" என்றார். "இன்னும் இருபது வருஷம் ஓடும். தண்ணி மட்டும் பாத்துக்குங்க."