கிரேனிலிருந்து இறங்கிய காரணம்

எழுபதுகளின் தொடக்கத்தில், திருகோணமலைத் துறைமுகத்தோரம் கப்பல் பழுதுபார்க்கும் கம்பனியொன்றில் ஆளணி உத்தியோகத்தர் என்றொரு பதவியைப் புதிதாக உண்டாக்கி, கனகரத்தினத்தைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். அவருக்கு என்ன வேலையென்று முதலாளிக்கும் சரியாகத் தெரியாது, தொழிலாளிக்கும் தெரியாது. மனைவி அன்னலட்சுமி, "ஆக்களோட கதைக்கிற உத்தியோகம்" என்று அக்கம்பக்கத்தில் சமாளித்துவந்தாள். அவருக்கோ ஊர்க்கதை கேட்பதென்றால் உயிர். அந்த மனுசனிடமா தொழிலாளரின் இரகசியம் காக்கும் வேலையைக் கொடுப்பது!

அன்று காலை மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் வந்திறங்கிய ஸெய்னுதீன், நேரே கனகரத்தினத்தின் கந்தோர் அறைக்கு வந்தார். மகள் ஸல்ஹாவுக்கு இந்தக் கம்பனியில் வேலைசெய்யும் ஜெமீலை மாப்பிள்ளையாகப் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளையைப் பற்றி வேலைத்தலத்தில் விசாரிக்காமல் யார் பெண் கொடுப்பார்கள்?

"கிரேன் ஓட்டின பொடியனை ஏன் ஸ்டோருக்கு இறக்கினீங்க? களவெண்டு சனம் கதைக்குது."

"களவில்லை, காக்கா. குடியுமில்லை," என்றார் கனகரத்தினம், அவரை அண்ணன் முறை வைத்து.

"அப்ப என்ன?"

கனகரத்தினத்துக்குத் தெரியும். ஜெமீலுக்கு வலிப்பு. யாருக்கும் சொல்லவேண்டாமென்று கெஞ்சி, அவனே வந்து சொன்னது. உயரத்தில் வைத்திருக்கப் பயந்து கீழே மாற்றியவரும் இவர்தான். சொன்னால் கொடுத்த வாக்குப் போகும். சொல்லாவிட்டால் பாவம், பொடியன் தலையில் களவு விழும்.

"நான் சொல்ல ஏலாது. அவரையே கேளுங்க," என்று எழும்பி ஸ்டோருக்குப் போனார்.

விஷயத்தைக் கேட்டதும் ஜெமீலின் முகம் வெளுத்துவிட்டது. "நீங்களே சொல்லிவிடுங்க ஐயா."

"நான் சொன்னா, நீர் மறைச்சதாப் போகும். வாரும்."

இருவரையும் தன் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, வெளியே வெயிலில் நின்றார். என்ன கதைக்கிறார்கள்? யன்னல் கண்ணாடி வழியே பார்த்தால், ஜெமீலின் வாய் அசைகிறது. ஸெய்னுதீன் தொப்பியைக் கழற்றி மடியில் வைக்கிறார். அது நல்லதுக்கா, கெட்டதுக்கா? கதவில் காதை வைத்தால்தான் என்ன? இரண்டடி போய்த் திரும்பி வந்தார். சொந்தக் கந்தோருக்கு வெளியே நிற்பதுதான் என் உத்தியோகமோ என்று அவருக்கே சிரிப்பு வந்தது.

கதவு திறந்தது. ஸெய்னுதீனின் கண் கலங்கியிருந்தது.

"என்ன முடிவு, காக்கா?" ஆவலை அடக்கமாட்டாமல் கேட்டே விட்டார்.

"களவெண்டு கதைச்ச சனத்துக்கு நான் பதில் குடுப்பன்," என்றார் ஸெய்னுதீன். "கலியாண முடிவை நான் சொல்ல ஏலாது. நாளைக்கு இவர் ஊருக்கு வரட்டும். என்னட்டச் சொன்னதை ஸல்ஹாட்டயும் இவரே சொல்லட்டும். முடிவு அவட கையில."