முன்வடத்துக்கு ஓர் ஆள்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. கொடைக்கானலிலிருந்து பூம்பாறைக்குப் போகும் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் சொன்னது. புரட்சியைப் பற்றி ஒரு கதை எழுத வேண்டும் என்று நான் வருடக்கணக்கில் முக்கிக்கொண்டிருக்க, அந்த மனிதர் காலடியில் பூண்டு மூட்டையைத் தள்ளி வைத்துக்கொண்டு ஒரு முழுப் புரட்சியையும் சொல்லி முடித்தார். பிறகு வாயைத் திறந்துபோட்டுத் தூங்கிவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் வரி இப்படி இருந்தது: "மலையைப் பனி மூடியிருந்த அந்தக் காலையில், நூற்றாண்டுகளின் மௌனம்..."

அடித்துவிட்டேன். கொடைக்கானலைப் பற்றி எழுதுகிறவன் எவனும் பனியை விடமாட்டேன் என்கிறான். மௌனமும் அங்கே கிடையாது. தேர்த் திருவிழா, மைக்செட் அலறிக்கொண்டிருந்தது.

2

ஊரின் பெயரை மறைக்கிறேன். பூம்பாறைக்கு அந்தப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டே தெருக்கள். இரண்டும் ஒரே சாதி, கொண்டான் கொடுத்தான் உறவு. ஆனால் மேலத்தெருக்காரர்கள் முதலில் குடியேறியவர்களாம். அந்தப் பெருமையை அவர்கள் இன்னும் இறக்கி வைக்கவில்லை.

மலைச்சரிவில் ஓடும் தேர் என்பதால் அதற்கு முன்னும் பின்னும் வடம் உண்டு. மேட்டில் ஏறும்போது முன்வடம் இழுக்கும். இறக்கத்தில் பின்வடம் இழுத்துப் பிடிக்கும். விட்டால் தேர் முன்னால் நிற்பவர்கள் மேல் ஏறிவிடும். முன்வடம் மேலத்தெருவுக்கு, பின்வடம் கீழத்தெருவுக்கு. முன்வடத்தின் நுனியைப் பிடிப்பவருக்குத் தலையில் பரிவட்டம். பின்வடத்துக்குக் கை நிறையக் காய்ப்பு.

(இந்த ஏற்பாடு எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. எப்போது வந்தது என்று தெரியாதவற்றைத்தான் நாம் தொன்றுதொட்டு என்கிறோம்.)

கதாநாயகன் தண்டாயுதபாணி, ஊர் வாயில் பாணி, கீழத்தெருக்காரன். கொடைக்கானலில் ஒரு பள்ளியில் வரலாற்று ஆசிரியர். பிரெஞ்சுப் புரட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு நடத்துவார். அரசியல் காரணம், சமூகக் காரணம், பொருளாதாரக் காரணம், கடைசியில் உடனடிக் காரணம். கரும்பலகையில் வரிசையாக எழுதிப்போட்டு, "உடனடிக் காரணம் வெறும் தீக்குச்சிதான். விறகு எங்கேயிருந்து வந்ததுன்னு எழுதுனாத்தான் மார்க்" என்பார்.

3

போன வருடத் திருவிழாவுக்கு மேலத்தெரு இளைஞர்கள் மஞ்சள் பனியன் அடித்தார்கள். முன்னால் முருகன் படம், முதுகில் 'தேர் வடம் குழு' என்ற எழுத்து. பின்வடக்காரர்களுக்குப் பனியன் இல்லை.

அவ்வளவுதான். கீழத்தெரு சின்னச்சாமி, பாணியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன், பிளஸ் டூவில் தவறியவன், வாய் நீண்டவன், தேர் இறக்கத்தின் உச்சிக்கு வந்து சக்கரத்துக்குக் கட்டை போட்டதும் வடத்தைக் கீழே போட்டுவிட்டுச் சாலையிலேயே உட்கார்ந்தான். "பனியன் போட்டவுக எறக்கிக்கிறட்டும்" என்றான். அவனைப் பார்த்து இன்னொருவன் உட்கார்ந்தான். பிறகு தெருவே உட்கார்ந்தது.

முன்வடக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு பின்னால் திரும்பித் தேரைப் பார்த்தார்கள். அப்புறம் சிரிக்கவில்லை.

சாமி ஒரு பகலும் ஓர் இரவும் நடுச்சாலையில் மழையில் நனைந்தபடி நின்றார். மறுநாள் மேலத்தெரு இறங்கி வந்தது: அடுத்த வருடம் முதல் இரண்டு வடத்திலும் இரண்டு தெருவும் கலந்தே நிற்கும்.

பசித்தவனெல்லாம் எழுந்திருந்தால் உலகத்தில் ராஜ வம்சம் என்று ஒன்றே இருந்திருக்காது. பசியை மனிதன் பொறுத்துக்கொள்வான். பக்கத்து இலையில் மட்டும் அப்பளம் விழுவதை அவனால் பொறுத்துக்கொள்ள முடியாது. (இது என் கருத்து. தண்டாயுதபாணி இதற்கு மதிப்பெண் போடமாட்டார்.)

4

அந்த இரண்டு நாளும் பாணி எங்கே இருந்தார்? கொடைக்கானலில் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். கேள்வி: புரட்சிக்கான காரணங்களை விவரி.

செய்தி கேட்டபோது அவர் மனத்தில் எழுந்தது ஒரு விதமான

(வாக்கியத்தை முடிக்கவில்லை. அந்தச் சொல் எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் வாயால் சொல்லமாட்டார். நான் சொல்லிவிடுகிறேன்: பொறாமை. நல்ல, கொழுத்த, பச்சைப் பொறாமை.)

புரட்சிக்குப் பின் ஊர் மாறியது. கல்யாண வீடுகளில் கீழத்தெருவுக்கு முதல் பந்தியில் இடம் கிடைத்தது. பஞ்சாயத்துக் கூட்டத்தில் பெண்கள் எழுந்து பேசினார்கள். கூடவே புதிதாக ஒரு மேலும் கீழும் முளைத்தது. "அன்னைக்கு நீ உக்காந்தியா?" என்று கீழத்தெருவில் ஒருவரை ஒருவர் கேட்க ஆரம்பித்தார்கள். உட்கார்ந்தவன் பெரியவன், உட்காராதவன் சின்னவன். பாணி உட்காராதவன்.

டீக்கடையில் சின்னச்சாமிக்கு நாற்காலி தானாக வந்தது. பாணியின் மகள் லாவண்யா தன் போனில் அவன் சாலையில் சம்மணம் போட்டிருக்கும் படத்தை வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்த அன்று பாணிக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் சின்னச்சாமியிடமே போய், முதலில் குடியேறியவர்கள் நிலத்தை எப்படி வளைத்தார்கள், கீழத்தெரு ஏன் கீழே போனது என்றெல்லாம் விளக்கி, உன் போராட்டத்துக்கு இதுதான் உண்மையான காரணம் என்றார். அவன் கவனமாகக் கேட்டுக்கொண்டான்.

"இருக்கும்டா பாணி. எனக்குப் பனியன்தான் கடுப்பு" என்றான்.

இத்தனை படித்து, இத்தனை நடத்தி, வரலாறு கடைசியில் இவன் வீட்டுக் கதவையா தட்ட வேண்டும்?

5

இந்த வருடத் திருவிழாவுக்கு முன்னால் மேலத்தெருப் பெரியதனக்காரர் சேனாதிபதி பழத்தட்டோடு பாணியின் வீட்டுக்கு வந்தார். கூட்டமாகக் கலந்து நின்றால் தேர் தாறுமாறாகிவிடும் என்று சுற்றி வளைத்துப் பேசி, விஷயத்துக்கு வந்தார்.

"முன்வடத்து நுனிய நீங்க பிடிங்க சார். பரிவட்டம் உங்களுக்கு. கீழத்தெருவுக்கு மருவாதி செஞ்ச மாதிரி ஆச்சு. மத்தவுக பழையபடி அவுகவுக எடத்துல நிக்கட்டும். படிச்சவுக நீங்க, நீங்க சொன்னா உங்க சனம் கேக்கும்."

பாணிக்கு இது என்னவென்று தெரியாமல் இல்லை. ஒருவனுக்கு மாலை போட்டு ஊரையே பழைய இடத்துக்கு அனுப்பும் வித்தை. எந்தப் புரட்சியின் கடைசிப் பத்தியிலும் இது இருக்கும். ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்கு நடத்துகிறார். தெரிந்தும் அவருக்கு அது வேண்டியிருந்தது. பரிவட்டத்தோடு தான் நிற்க, சின்னச்சாமி பின்னாலிருந்து பார்ப்பதை நினைத்தபோது நெஞ்சு குளிர்ந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

சேனாதிபதி போனதும் மனைவி சுகன்யா தட்டிலிருந்த பழத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். "உங்களுக்கு ஊரு பெருசா, அந்தச் சின்னச்சாமி பெருசா? அத மட்டும் சொல்லுங்க. மத்த சோலி எனக்குக் கெடக்கு" என்றாள்.



6

முடிவு அ: பாணி மறுக்கிறார். கூட்டம் கைதட்டுகிறது. எழுதிப் பார்த்தேன், எனக்கே கூச்சமாக இருந்தது. அவரை இவ்வளவு நேரம் எரியவிட்டு, கடைசியில் புடம் போட்ட தங்கம் என்றால் யார் நம்புவார்கள்?

முடிவு ஆ: ஏற்றுக்கொள்கிறார். கீழத்தெரு இரண்டாக உடைகிறது. இது நடக்கக்கூடியது. ஆனால் இதை எழுதும்போது எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது, அதனால் நிறுத்திவிட்டேன். பேருந்தில் அந்த மனிதர் சொன்ன அழகான புரட்சியை நான்தான் கெடுக்கத் துடிக்கிறேனோ என்று சந்தேகம்.*

* அவர் முடிவைச் சொன்னாரா என்று கேட்காதீர்கள். பூம்பாறை வருவதற்குள் தூங்கிவிட்டார் என்றேனே.

7

தேர் நாள். பாணி வேட்டி கட்டி வந்து முன்வடத்தருகே நின்றார். இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. சேனாதிபதி வடத்தின் நுனியை எடுத்து அவர் கையில் வைத்தார். பூசாரி பரிவட்டத்தோடு காத்திருந்தார். இரண்டு தெருவும் அவர் வாயையே பார்த்தது. கலந்து நில்லுங்கள் என்றால் கலந்து நிற்கும். பழையபடி என்றால் பழையபடி.

அப்போது சின்னச்சாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். பாணிக்கு உடம்பு முறுக்கேறியது. வரட்டும், கத்தட்டும், எரியட்டும். ஒரு வருடம் நான் எரிந்தேன்.

சின்னச்சாமி அவர் தோளில் கை போட்டான். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏலே பாணி, நுனி உனக்கா? நம்ம பெஞ்சுக்காரனுக்குக் கெடச்சா எனக்குக் கெடச்ச மாதிரிதான். எல்லாம் பேசி முடிச்சிட்டியல்ல? வெரசா சொல்லு, எங்க நிக்கணுமோ நிக்கிறோம்."

அந்தப் பயலுக்குப் பொறாமைகூட இல்லை. பாணி அவன் முகத்தில் அதைத் தேடித் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. தான் ஒரு வருடமாகச் சுமந்ததில் ஒரு குன்றிமணி அளவுகூட அங்கே இல்லை. அதற்காகவே அவனை மன்னிக்க முடியவில்லை.

இங்கே நான் விலகிக்கொள்கிறேன். நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் அவசரப்பட்டு நல்ல முடிவைச் சொல்லிவிடாதீர்கள். முதலில் ஒரு பெயரை நினைத்துக்கொள்ளுங்கள்: உங்களோடு ஒன்றாகத் தொடங்கியவர், உங்கள் அளவுக்குப் படிக்காதவர், உங்களுக்கு வரவேண்டியது எதுவோ அது யாரிடம் போய்ச் சேர்ந்ததோ அவர். யோசிக்கக்கூடத் தேவைப்படவில்லை, இல்லையா?

அவர்தான் இப்போது உங்கள் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறார். ஊர் காத்திருக்கிறது. சொல்லுங்கள்.