துரை மாளிகையில் மாப்பிள்ளை விசாரணை

ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகர் தன் நிழலிடமே டிக்கெட் கேட்டவர் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது மிகை. நிழல் இரண்டாக விழுந்த அன்று மட்டும்தான் கேட்டார். அப்பேர்ப்பட்டவர் மாப்பிள்ளையை வேவு பார்க்காமல் பெண்ணைக் கொடுத்துவிடுவாரா? பையனுக்கு அந்தக் காலத்துத் துரை மாளிகையில் வேலை. வருகிறவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுவான். சம்பந்தம் கொண்டுவந்த மச்சானையும் இழுத்துக்கொண்டு, யாரோ பார்வையாளர் மாதிரி டிக்கெட் வாங்கி உள்ளே நுழைந்தார்.

"நாம யாருன்னு மூச்சு விடாதே" என்று மச்சானை எச்சரித்தார்.

கூடத்தில் சுவரை அடைத்துக்கொண்டு துரையின் படம். "இந்த மீசைக்குன்னே தனியா ஒரு வேலைக்காரர் சார். மழை வந்தா மீசைக்கு மட்டும் குடை பிடிப்பாரு" என்றான் பையன், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல்.

படுக்கையறைக் கட்டில் குட்டையாக இருந்தது. "துரை நல்ல உயரம். காலை ஜன்னலுக்கு வெளிய நீட்டித்தான் தூங்குவாரு. ஒருநாள் கால்ல காக்கா கூடு கட்டிடுச்சு. குஞ்சு பொரிக்கிறவரைக்கும் எழுந்திரிக்கவே இல்ல. அவ்வளவு இரக்கம்."

"ஜன்னல் தலைமாட்டுல இல்ல இருக்கு?"

"அப்போ கட்டிலைத் திருப்பிப் போட்டிருந்தாங்க சார்."

பரிசோதகர் மச்சானின் காதில் சீறினார். "வாயைத் திறந்தாலே புளுகு. இவன் நேரங்கழிச்சு வீட்டுக்கு வந்தா என் பொண்ணுகிட்ட என்னென்ன அளப்பான்?"

"அது தொழில் அத்தான்! ஜவுளிக்கடைக்காரன் வீட்டுலயும் துணியை விரிச்சுக் காட்டிக்கிட்டா இருக்கான்?"

சாப்பாட்டு அறையில் பரிசோதகர் தூண்டில் போட்டார். "தம்பிக்குக் கல்யாணம் ஆச்சா?"

"ஆச்சு சார். ரெண்டு பொண்ணு. சின்னவ இப்பத்தான் நடக்குறா."

மச்சானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடப்பாவி! கட்டைப் பிரம்மச்சாரின்னு உங்கப்பா சத்தியம் பண்ணாரே! இவர்தான்டா பொண்ணோட அப்பா!"

பையன் முகம் மேசை விரிப்பு மாதிரி வெளுத்தது. "சா... சார், வர்றவங்க எல்லாம் 'எங்க வீட்டுல ஒரு பொண்ணு இருக்கு'ன்னு ஆரம்பிச்சிடறாங்க. அ... அதுக்காக அப்படிச் சொல்லிவைக்கிறது..."

"துரையைப் பத்தி ஒரே ஒரு உண்மை சொல்லு, பார்ப்போம்" என்றார் பரிசோதகர்.

"அ... அவரு இங்க ஒரு ராத்திரிகூடத் தங்கல சார். கொ... கொசுக்கடி தாங்காம வந்த கப்பல்லயே திரும்பிட்டாரு."

பரிசோதகர் யோசித்தார். ரயிலில் காலமெல்லாம் கண்டதுதான்: டிக்கெட் இல்லாதவன் கதை தங்குதடையில்லாமல் ஓடும், டிக்கெட் வைத்திருக்கிறவன்தான் பதறிப்போய்ப் பையெல்லாம் துழாவுவான்.

"கல்யாணம்?"

"ஆ... ஆகல சார்."

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா."

வெளியே வந்ததும் மச்சான் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அப்பாடா! சம்பந்தம் முடிஞ்ச மாதிரிதான்."

"எங்க முடிஞ்சுது? இவ்வளவு அழகாத் திக்குறானே, அதுவும் பழகி வெச்சதா இருந்தா?"

சொல்லிவிட்டு, இன்னொரு டிக்கெட் வாங்க வரிசையில் போய் நின்றார்.