மூன்றாம் தேதியின் கடைசி வரி

மூன்று மணி இருபது நிமிடத்துக்குக் கண்காணிப்பாளர் பதிவறைக்குள் வந்தார். பதினொரு வருடத்தில் அவர் அந்த அறைக்கு வருவது இது இரண்டாவது முறை. தூசி ஆகாது என்பார்.

கையில் ஒரு தாள். அதை மேசையில் இருந்த கோப்புக் கட்டின் மேல் வைத்தார். அதன் மேல் தன் பேனாவை வைத்தார்.

“கையெழுத்து போடு.”

பதிவறை எழுத்தர் அலமாரி ஏணியின் மூன்றாவது படியில் நின்றுகொண்டிருந்தாள். இறங்கவில்லை.

“என்ன சார் அது?”

“ஆபீஸ் ஆர்டர். யாருக்கு என்ன பொறுப்புன்னு. போட்டுட்டுப் படிச்சுக்கோ.”

“படிச்சுட்டுப் போடறதுதானே சார் வழக்கம்.”

“வழக்கம் பேச வந்துட்டா,” என்றார் சுவரிடம்.

அவர் அவளுடைய அக்கா புருஷன். வீட்டில் அத்தான், அலுவலகத்தில் சார். அலுவலகம் அவருக்கு வைத்திருந்த பெயர் வாய்தா. எந்தக் காகிதம் போனாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று இழுப்பறைக்குள் தள்ளிவிடுவார். அந்த இழுப்பறைக்குள் போனது ஆள் செத்த பிறகுதான் வெளியே வரும் என்பாள் கடிதப் பதிவேடு பார்க்கும் டெஸ்பாட்ச் அம்மா. எந்த ஆள் என்று சொல்லமாட்டாள்.

இந்த முறை ஆள் முதலிலேயே செத்துவிட்டான். மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிக்கு வெள்ளை அடித்த பெயிண்டர். தொட்டியின் இரும்பு ஏணியில் ஒரு படி கையோடு வந்துவிட்டது. அவன் மனைவி குடிநீர் அலுவலகத்துக்கு மனு எழுதினாள். இரண்டே கேள்வி. அந்த ஏணியைக் கடைசியாகச் சோதித்தது யார்? அந்த அறிக்கையின் நகல் எங்கே?

யார் கேட்டாலும் முப்பது நாளுக்குள் காகிதத்தைக் காட்ட வேண்டும் என்பது சட்டம். காட்டாவிட்டால் பொறுப்பு அலுவலரின் தலை உருளும். வாசலில் அதற்கென்று ஒரு பலகை உண்டு. ‘தகவல் மனுக்களுக்குப் பொறுப்பு’ என்று எழுதி, கீழே பெயருக்கு இடம் விட்டிருந்தது. இரண்டு வருடமாக அந்த இடம் காலி. யாரும் தலை கொடுக்கத் தயாராக இல்லை. வருகிற மனு, ஓடத் தெரியாதவர் மேசையில் போய் நிற்கும்.

இன்று முப்பதாவது நாள். பெயிண்டரின் மனைவி காலையிலிருந்து நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

பதிவறை எழுத்தர் இறங்கி வந்தாள். பேனாவை நகர்த்திவிட்டுத் தாளை எடுத்தாள். நான்காம் தேதி வந்த 217ஆம் எண் மனு உட்பட எல்லாத் தகவல் மனுக்களுக்கும் பதிவறை எழுத்தரே பொறுப்பு அலுவலர். கீழே அவருடைய கையெழுத்து. அதற்கும் கீழே, ‘பெற்றுக்கொண்டேன்’ என்று அவளுக்கு ஒரு கோடு.

“மனு ஒரு மாசம் உங்க டிராயர்ல தூங்கிச்சு,” என்றாள். “எழுப்பறதுக்கு மட்டும் நானா?”

“நீதான் ரெக்கார்டு. ரெக்கார்டு கேட்டா ரெக்கார்டுதான் பதில் சொல்லணும்.”

“லேட்டுக்கும் நான்தான் பதில் சொல்லணுமா?”

“சின்னதா ஒரு விளக்கம் கேப்பாங்க. எழுதிக் குடு. உன்னைத் தூக்கிலயா போடப் போறாங்க?”

அவளுடைய பணிப் பதிவேட்டில் ஏற்கெனவே ஒரு சிவப்பு மை இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்பு அவர் வீட்டுக்கு எடுத்துப்போய்த் தொலைத்த கோப்புக்கு, அக்கா அழுதாளே என்று இவள் கையெழுத்துப் போட்டதில் வந்தது. இரண்டாவது சிவப்பு மை விழுந்தால் வேலை போகும். அது அவருக்கும் தெரியும்.

“மாட்டேன் சார்.”

அவர் அதை எதிர்பார்த்தே வந்திருந்தார். கைப்பேசியை எடுத்து எண்ணை அழுத்தி நீட்டினார்.

“உங்கக்கா. பேசு.”

“என்னடி,” என்றாள் அக்கா. எடுத்த எடுப்பில் அதுதான். “ஒரு கையெழுத்துக்கு இவ்ளோ ராங்கியா?”

“போன தடவையும் ஒரு கையெழுத்துதான்க்கா.”

“ஆரம்பிச்சுட்டியா? ஒன்பது வருஷமா அதையே குத்திக் காட்டு. மாடியில உன்னை வெச்சிருக்கேன், ஒரு நாள் சொல்லிக் காட்டியிருப்பேனா?”

“இப்பச் சொல்றியே.”

“வாய்! அந்த வாய்தான் உன்னை வாழவிடல. இவருக்கு ரிட்டையர் ஆக எட்டு மாசம் இருக்கு. ஏதாவது ஏடாகூடமாச்சு, மாடிப்படியில கால் வைக்காதே. சட்டி பானையத் தெருவுல வெச்சிருவேன்.”

வைத்துவிட்டாள். கைப்பேசியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார் அவர்.

“கேட்டுக்கிட்டியா கொழுந்தியா? இன்னொண்ணு. ஆர்டரோட நகல் காலையிலேயே மேலிடத்துக்குப் போயாச்சு. நீ மாட்டேன்னாலும் நீதான். கையெழுத்து ஒரு மரியாதைக்கு. தேதி மட்டும் மூணுன்னு போட்டுரு.”

“மூணா?”

“ஆர்டர்ல இருக்கிற தேதி. கண்ணு தெரியலையா?”

அப்போதுதான் அவள் தேதியைப் பார்த்தாள். போன மாதம் மூன்றாம் தேதி.

அந்த அலுவலகத்தில் ஒரு பழக்கம் உண்டு. சாயங்காலம் அனுப்புகைப் பதிவேட்டை மூடும்போது டெஸ்பாட்ச் அம்மா எண்ணை மட்டும் போட்டு இரண்டு வரி காலியாக விடுவாள். பழைய தேதியில் உத்தரவு வேண்டியவர்கள் வந்து அந்த வரியில் குந்திக்கொள்வார்கள். யாரும் அதைத் தப்பு என்று நினைத்ததில்லை. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி.

போன மாதம் நான்காம் தேதி டெஸ்பாட்ச் அம்மாவுக்குப் பல்வலி. அவள் நாற்காலியில் உட்கார்ந்தது பதிவறை எழுத்தர். பெயிண்டரின் மனைவி மனுவைக் கொடுத்தது அவள் கையில்தான். முத்திரை குத்தி, எண் போட்டு, கண்காணிப்பாளர் அறைக்கு அனுப்பினாள். சாயங்காலம் கடைசிக் கடிதத்துக்குக் கீழே கோடு கிழித்துப் பதிவேட்டை மூடினாள். காலி வரி விடவில்லை. மறுநாள் டெஸ்பாட்ச் அம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டே திட்டினாள்.

மனு வந்த நாள் முதலே பொறுப்பு அவளுடையது என்று காட்ட வேண்டும். நான்காம் தேதியில் இடமில்லை. மூன்றாம் தேதியில் ஒரு வரி மிச்சம் இருந்திருக்கிறது. ஒரு நாள்தானே என்று வாய்தா அதில் உட்கார்ந்துவிட்டார்.

“சார், மனு என்னைக்கு வந்துச்சு?”

“நாலாம் தேதி. அதுலயே போட்டிருக்கே.”

“ஆர்டர்?”

“மூணு.”

அவள் தாளை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவரே இன்னொரு முறை மெல்லச் சொல்லிப் பார்த்தார். “மூணு.”

“நாலாம் தேதி ஒரு மனு வரும், அதுக்கு நம்பர் எரநூத்திப் பதினேழுன்னு மூணாம் தேதியே எப்படி சார் தெரிஞ்சுது? ஜோசியம் பாக்கறீங்களா?”

அவர் முகத்தில் ரத்தம் ஏறியது. கையை நீட்டினார்.

“குடு. வேற டைப் பண்ணித் தர்றேன்.”

“மேல போனதை என்ன பண்ணுவீங்க? ஓடிப் போய்ப் புடுங்குவீங்களா?”

“குடுன்னு சொல்றேன்.”

“வேண்டாம் சார். இதுவே நல்லா இருக்கு.”

அவருடைய பேனாவாலேயே கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் எழுதினாள்: இன்று, இந்த மாதம் நான்காம் தேதி, மாலை மூன்று ஐம்பதுக்குப் பெற்றுக்கொண்டேன்.

“கொழுப்புடி உனக்கு,” என்றார். குரல் தணிந்திருந்தது. “திமிரெடுத்த கழுதை. சோறு போட்ட வீடு.”

“ரெண்டாவது பாரா படிச்சீங்களா சார்?”

அவர் படித்திருக்கவில்லை. உத்தரவின் மாதிரி வாசகம் மேலிடத்திலிருந்து வந்திருந்தது. அதை அப்படியே தட்டச்சு செய்யச் சொல்லிப் பெயர் இருந்த இடத்தை மட்டும் பார்த்திருக்கிறார். அவள் வாய்விட்டுப் படித்தாள். “பொறுப்பு அலுவலர் எந்தப் பிரிவிலிருந்தும் எந்தக் கோப்பையும் உடனே கேட்டுப் பெறலாம். தர மறுப்பவரே தாமதத்துக்குப் பொறுப்பாவார்.”

தாளை மடித்துக்கொண்டு வெளியே நடந்தாள். அவர் பின்னாலேயே வந்தார்.

பெஞ்சில் இருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“இன்னைக்கு யாரு லீவு?” என்றாள் பெயிண்டரின் மனைவி. “சொல்லிட்டுப் போங்க. நானும் எழுதி வெச்சுக்கறேன்.”

“யாரும் லீவு இல்ல. உங்க மனுவுக்கு நான்தான் பொறுப்பு.”

“எவ்ளோ நாளா?”

“பத்து நிமிஷமா.”

“ஓ. பத்து நிமிஷமா.” அவள் எழுந்தாள். “முப்பது நாளா இந்தப் பெஞ்சைத் தேச்சிருக்கேன். நீ எழுதித் தர்ற பதில் எனக்கு வேண்டாம். உங்களை எல்லாம் ஒரு எழுத்து நம்பமாட்டேன். அந்தக் காகிதத்தை என் கண்ணால பாக்கணும்.”

“நம்ப வேண்டாம். வாங்க.”

கண்காணிப்பாளர் அறையில் ஒரு இரும்பு அலமாரி. பூட்டியிருந்தது. அவர் முந்திக்கொண்டு போய் அதன் முன்னால் நின்றார். கதவருகே டெஸ்பாட்ச் அம்மா வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் தட்டச்சர். கணக்கர் எட்டிப் பார்த்துவிட்டுப் போகாமல் நின்றார்.

“சாவி சார்.”

“நாளைக்குப் பாக்கலாம்.”

டெஸ்பாட்ச் அம்மா சிரித்தாள். பல்வலிக்காரி சிரிப்பதை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

“மறுத்தார்னு எழுதிக்கவா?” பதிவறை எழுத்தர் அவருடைய பேனாவைத் திறந்தாள். “மணி நாலு அஞ்சு.”

அவர் குனிந்து அவள் காதருகே சொன்னார். “வீடு ஞாபகம் இருக்கட்டும்.”

இருந்தது. மாடி அறை, இரண்டு சன்னல், பதினாறு படிகள். பதினொரு வருடத்தில் அத்தான் ஒரு தடவை கூட அந்த மாடிக்கு ஏறி வந்ததில்லை. நான்காவது படியிலேயே தலை சுற்றும் அவருக்கு. விளக்கு மாற்றக்கூட அக்காதான் முக்காலி மேல் ஏறுவாள். அது குடும்பத்துச் சிரிப்பு. வெளியே யாருக்கும் தெரியாது.

“மூட்டை கட்டிக்கறேன். சாவி.”

அவர் சாவியைத் தரையில் எறிந்தார். அவள் குனிந்து எடுத்தாள். அவமானமாகத்தான் இருந்தது. எடுத்தாள்.

மூன்றாவது தட்டில் தொட்டிக் கோப்பு. கடைசிப் பக்கத்தில் அறிக்கை. அவள் அதைத் தான் படிக்காமல் பெயிண்டரின் மனைவியிடம் நீட்டினாள். அந்தப் பெண் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, எழுத்தின் மேல் விரலை வைத்து, சத்தமாகப் படித்தாள்.

“தொட்டியின் ஏணி, அடி முதல் உச்சி வரை, நானே நேரில் ஏறிச் சோதித்தேன். எல்லாப் படிகளும் உறுதியாக உள்ளன.”

விரல் கீழே இறங்கிக் கண்காணிப்பாளரின் கையெழுத்தில் நின்றது. அதைப் பார்த்தாள். அலமாரியில் சாய்ந்து நின்றவரைப் பார்த்தாள். பதிவறை எழுத்தரும் இப்போது அவரைப் பார்த்தாள்.

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றினாள்.

“மொத்தம் எத்தனை படி சார் அதுல?”